எந்தக் கையில் எடுத்தாய்?

போன மாதம் என் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள, முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி லேபுக்குப் போனேன். ஓய்வு பெற்றவளுக்கென்று தனி மரியாதை எதுவும் கிடையாது. டோக்கன் எடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். எனக்குப் பிறகு பொறுப்புக்கு வந்திருக்கும் ஷைனி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஒரு கணினித் திரையைக் காட்டினாள். பெருந்தமனி கிழிந்து வருகிற நோயாளியின் லாக்டேட், டி-டைமர், ட்ரோபோனின், கிரியாட்டினின் என்று ரத்தத்தில் பார்த்த அளவுகளை அதில் போட்டால், ஆள் பிழைக்க வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லிவிடுமாம்.

"இனி டாக்டர்மாருக்குத் தலைவலி இல்லை சேச்சி. நம்ம நம்பரைப் போட்டா போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். "நம்ம நம்பர் சரின்னு அதுக்கு யாருடீ சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவள் முகம் வாடிப்போயிற்று. வீட்டுக்கு வந்து சாயா குடித்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு என்ன கோபம்? என் கோபமெல்லாம் ஒரே ஒரு நம்பர் மேல். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் பெயரைத் தவிர.

நான் சாரதா. அப்பா கொச்சியில், ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவராக இருந்தார். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. லேப் டெக்னீஷியன் படிப்புக்கு எறணாகுளத்துக்குப் படகில் போய் வந்தேன். அந்த இரண்டு வருடத்தில் இன்றைக்கு நினைவிருப்பது, தினமும் படகைப் பிடிக்க ஓடியதும், புடவையை விட்டுப் போகாத ஃபார்மலின் நெடியும்தான். மற்றதெல்லாம் எனக்கு அன்னம்மா டாக்டர் சொல்லிக்கொடுத்தது.

அன்னம்மா டாக்டர் எங்கள் லேபின் தலைவி. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். அவர் பேசுவது மலையாளம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் எல்லோரையும் கூப்பிடுகிற 'மோளே'யை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன், 'மகளே' என்று எழுதினால் அது வராது.

அவரிடம் சில வழக்கங்கள் உண்டு. எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ரத்தம் இருக்கிற குழாயைக் கொண்டுவரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நீல மூடிக் குழாய் என்றால் கோடு வரைக்கும் ரத்தம் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். கொஞ்சம் குறைந்தாலும் அது குப்பைக்குத்தான். அளவு மிக அதிகம் என்று மெஷின் கைவிரித்துவிட்டால், 'இவ்வளவுக்கு மேல்' என்று எழுதி அனுப்ப விடமாட்டார். பிளாஸ்மாவை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டி, உண்மையான எண் வந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ஆபத்தான எண் என்றால் போனில் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்.

இதெல்லாம் போக, எங்கள் லேபுக்கே பெருமையாக ஒரு சட்டம் இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு குத்துதான். இரண்டாவது குத்து எங்களுக்கு மானக்கேடு. நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு கைக்குழந்தையை மூன்று இடத்தில் குத்தி, குழந்தையும் அழுது தாயும் அழுது நானும் அழுதேன். அன்னம்மா டாக்டர் வந்து குழந்தையின் காலில் ஒரே குத்தில் எடுத்துவிட்டார். அப்புறம் என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கையை மேஜைமேல் நீட்டினார். "என் கையில பழகு, மோளே. நான் அழமாட்டேன்." ஒரு வாரம் தினமும் அவர் கையில் குத்திப் பழகினேன். பிறகு வார்டில் ஒரு நோயாளிக்குக் கூடுதலாக ஒரு டெஸ்ட் கேட்டால், ஏற்கெனவே எடுத்த ரத்தத்தில் மிச்சம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவோம். அவரை மறுபடி குத்தாமல் ரிப்போர்ட் கொடுத்தால் எங்களுக்குள் ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மீரான் ராவுத்தர் வீடு. ஜூ டவுனில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏலம், பட்டை, கிராம்பு விற்கிற சின்னக் கடை அவருக்கு. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் முறையில் இக்கா என்போம், அவர் மனைவியை அக்கா முறையில் இத்தா என்போம். அவர் மனைவி ஹலீமா இத்தா. வீட்டில் அவர்கள் பேசுவதும் தமிழ்தான். இத்தாவின் வாய்க்குத் தெருவே பயப்படும். பாலக்காட்டில் வசதியான வீட்டில் பிறந்தவள். "எத்தனை நல்ல சம்பந்தம் வந்துச்சு! எல்லாத்தையும் விட்டுட்டு இந்த மனுசனுக்குக் கட்டிவெச்சு என்னைக் கடல்ல தள்ளிட்டாங்க," என்று முப்பது வருடமாகக் கல்யாண வீட்டிலும் மீன்காரியிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். இக்கா பக்கத்தில் நின்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

ஒரு சித்திரை மாதத்துக் காலையில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நெஞ்சிலிருந்து முதுகுக்கு ஏதோ கிழிகிற மாதிரி வலி என்றார். சட்டை நனைந்து பிழியலாம் போலிருந்தது. இத்தா கூடவே வந்து திட்டிக்கொண்டிருந்தாள். "சொன்னாக் கேட்டாத்தானே! பிரஷர் மாத்திரையை ஒழுங்காத் தின்னுய்யான்னா, சிரிக்கிறது!"

அவசரப் பிரிவில் ரத்தம் எடுக்க நானே போனேன். தெரிந்த மனுசர், பயப்படுவாரே என்று. வலது கையில் கட்டுப் போட்டு, "கையை இறுக்கி மூடுங்க இக்கா," என்றேன். முதல் குத்தில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவதில், அவர் விரல்களை மூடித் திறந்து மூடித் திறந்து, சொட்டுச் சொட்டாக வந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. வயசான நரம்பு என்று அவர் நரம்பின்மேல் பழியைப் போட்டேன்.

"சாரதா, தங்கச்சி, போதும்மா, இனி குத்தாதே," என்றார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"இல்லை இக்கா, இனி குத்தமாட்டேன். சத்தியம்," என்றேன். குழாய் லேபிளில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லை. இதயத் தசை அடிபட்டால் ஏறுகிற ட்ரோபோனின் லேசாகக் கூடியிருந்தது. டி-டைமரை ஓட்டினால் மெஷின் கைவிரித்தது. நீர்க்கச் செய்து ஓட்டினேன், அப்போதும் விரித்தது. இன்னும் நீர்க்கச் செய்து ஓட்டியபோது வந்த எண்ணைப் பார்த்து நானே ஒருமுறை எழுந்து உட்கார்ந்தேன். உடம்புக்குள் எங்கேயோ ரத்தம் ஏராளமாக உறைந்து கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் நிகிலுக்குப் போன் செய்து, எண்ணைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். அந்தப் பையன் கெட்டிக்காரன். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினான். பெருந்தமனி, இதயத்திலிருந்து கிளம்புகிற இடத்திலேயே கிழிந்திருந்தது. பழைய ரப்பர் குழாயின் உள்தோல் உரிந்துவிட்டால், தண்ணீர் இரண்டு தோலுக்கும் நடுவில் புகுந்து போகுமே, அப்படி ரத்தம் சுவருக்குள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோய்விடும். உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

அந்த ஆபரேஷன் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில்தான். அங்கே இருந்த சர்ஜன் போனில் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுக்கொண்டு வந்தார். சிறுநீரகம் தளர்ந்தால் ஏறுகிற கிரியாட்டினின் ஏற்கெனவே கூடியிருந்தது. அடுத்து லாக்டேட் கேட்டார். ரத்தம் போய்ச் சேராத உறுப்புகள் மூச்சுமுட்டி விடுகிற அமிலம் அது. அது ஏறியிருந்தால், குடலோ காலோ ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நிகில் எனக்குப் போன் செய்தான். "சேச்சி, லாக்டேட் உடனே வேணும். ரத்தம் இருக்கா, எடுக்கணுமா?"

ரேக்கில் காலையில் எடுத்த குழாய் நின்றுகொண்டிருந்தது. "இருக்கு," என்றேன்.

லாக்டேட்டுக்குப் புது ரத்தம் வேண்டும், சாம்பல் மூடிக் குழாய் வேண்டும், ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நானே எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் 'இனி குத்தாதே' என்று சொன்ன முகம்தான் கண்ணில் நின்றது. ஓட்டினேன். இரண்டுக்குள் இருக்க வேண்டியது, ஏழு வந்தது. போனில் "ஏழு" என்றேன். நிகில் "ஏழு" என்று திருப்பிச் சொன்னான்.

அன்னம்மா டாக்டரின் கையெழுத்துக்குக்கூடக் காத்திருக்காமல், அச்சடித்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானே கீழே போனேன். நிகில் இத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தான். ஆபரேஷன் மேஜையிலேயே இக்காவின் உயிர் போய்விடும் என்று சர்ஜன் சொல்கிறார், கொண்டுபோவதில் பலன் இருக்குமா என்று யோசிக்கிறார், பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.  இத்தாவின் வாய் மூடி நான் அன்றுதான் பார்த்தேன். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். இக்காவின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். துவா ஓதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

லேபுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கை தானாக அந்தக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது, அன்னம்மா டாக்டர் பிடிக்கிற மாதிரி. உறைந்து கறுத்துக் கிடந்தது. லேபிளில் என் கையெழுத்தில் ஒன்பது பத்து. சுவரில் மணி பதினொன்று தாண்டியிருந்தது. ஏசி இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அந்த வெக்கையில் இரண்டு மணி நேரம், அந்தச் செல்கள் குழாய்க்குள்ளேயே லாக்டேட்டைக் கக்கிக்கொண்டு கிடந்திருக்கின்றன.  அழுதுகொண்டே அன்னம்மா டாக்டரின் அறைக்கு ஓடினேன்.

முழுக்கக் கேட்டார். "ஏன் புதுசா எடுக்கலை?"

"இனி குத்தமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றுவார் என்று காத்திருந்தேன். அவர் கழற்றவில்லை. போனை எடுத்துச் சர்ஜனைக் கூப்பிட்டார். "என் லேப் உங்களுக்கு ஒரு நம்பரைத் தப்பாகச் சொல்லிவிட்டது. அதை மறந்துவிடுங்கள். கால் மணி நேரம் கொடுங்கள், நானே சொல்கிறேன்." என் லேப் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "முகத்தைக் கழுவு, மோளே. கேன்டீன்ல லைம் ஜூஸுக்கு ஐஸ் வெச்சிருப்பாங்க, அள்ளிக்கிட்டு வா," என்றார்.

ஒரு ஸ்டீல் டம்ளர் நிறைய ஐஸும் சாம்பல் மூடிக் குழாயுமாக அவசரப் பிரிவுக்கு ஓடினேன். டாக்டர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். இக்காவின் இரண்டு மணிக்கட்டையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பிறகு கேட்டார்:

"காலையில எந்தக் கையில எடுத்தே?"

"வலது."

"தொட்டுப் பார்."

தொட்டேன். வலது கை குளிர்ந்து கிடந்தது. நாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இடது கையில் திடுதிடுவென்று அடித்தது. வயசான நரம்பாவது மண்ணாவது! கிழிசல் அந்தக் கைக்குப் போகிற குழாயையும் அடைத்திருக்கிறது. பட்டினி கிடக்கிற கையில், கட்டுப் போட்டு, விரலை மூடித் திறக்கச் சொல்லி, அதில் வந்த ரத்தத்தை இரண்டு மணி நேரம் வெக்கையில் வைத்து, அதுதான் இந்த மனுசனின் உடம்பு என்று நான் சொல்லியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இக்கா, இன்னொரு தடவை குத்தணும்," என்றேன். "இடது கையில. கட்டுப் போடமாட்டேன். விரலைத் தளர்த்தி வெச்சுக்குங்க."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "சத்தியம் பண்ணினியே தங்கச்சி," என்றார்.

"பொய்ச் சத்தியம் இக்கா. மன்னிச்சிருங்க."

அந்த வலியிலும் அவர் சிரித்தார். கையை நீட்டினார். ஒரே குத்தில் வந்தது. ஐஸில் புதைத்து எடுத்துக்கொண்டு ஓடி, ஓட்டினேன். மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. அன்னம்மா டாக்டர் மறுபடி ஓட்டச் சொன்னார். அதேதான். சர்ஜனிடம் அவரே சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து, "உடனே அனுப்புங்கள்," என்று வந்தது எனக்கே கேட்டது.

தோப்பும்படிப் பாலத்தில் ஆம்புலன்ஸ் போகிற சத்தம் லேபுக்குக் கேட்காது. ஆனால் அன்றைக்குக் கேட்ட மாதிரிதான் எனக்கு நினைவிருக்கிறது. சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருட்டுகிற நேரத்தில் நிகில் வந்து, "ஆபரேஷன் முடிஞ்சுது சேச்சி. ஆள் இருக்கார்," என்றான். நான் அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அன்னம்மா டாக்டர் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை, அவர் கண்ணும் நனைந்திருந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் லேபிளில் நேரத்துக்குப் பக்கத்தில் எந்தக் கை என்றும் எழுத வேண்டும் என்று ஆயிற்று. 'ஒரு குத்துதான்' என்ற சட்டத்தை டாக்டரே எடுத்துவிட்டார். "அது நம்ம கர்வம், மோளே. அவங்க வலிக்காக வெச்சது இல்லை," என்றார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா அது ஆஸ்பத்திரி சொன்னதாயிடும்." சரி என்றேன். ஆனால் சொல்லவில்லை.

இக்காவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அதன் அளவைப் பார்க்க மாதாமாதம் எங்கள் லேபுக்கு வருவார். மாதாமாதம் நான்தான் குத்துவேன். அவர் தானாகவே இடது கையை நீட்டுவார். பக்கத்தில் இத்தா நின்று அவரைத் திட்டிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு மாதமும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், சாயா குடிச்சீங்களா என்று கேட்டு மூடிவிடுவேன். அன்னம்மா டாக்டர் ஓய்வு பெற்றுப் போகிற அன்றைக்கும், "சொன்னியா?" என்றுதான் கேட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள், இக்கா வெளியே ஆட்டோ பார்க்கப் போயிருந்தபோது, இத்தாவை என் அறையில் உட்கார வைத்துச் சொன்னேன். ஏழு என்று நான் சொன்னது, அது எப்படி வந்தது, அவரை அப்படியே விட்டிருப்பார்களே என்பது வரை எல்லாவற்றையும். திட்டட்டும், அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு, "அப்போ அவரு போயிருவாருன்னு சொன்னது தப்பு நம்பரா?" என்றாள்.

"ஆமா இத்தா."

"அடிப்பாவி! அதை நம்பியா நான் வாயை விட்டேன்!"

எனக்குப் புரியவில்லை. அவள் தலையிலிருந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். "திரைக்குள்ள போய் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தனை வருசமா ஊரெல்லாம் சொன்னது பூரா சும்மா, உங்களைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை, உங்களை மாதிரி ஒருத்தர் எனக்குக் கிடைச்சிருக்கவே மாட்டாருன்னு சொல்லிட்டேன் சாரதா. போற உசிரு, சந்தோசமாப் போகட்டும்னு. பார்த்தா, மனுசன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு! இப்போ நான் திட்டுறப்பல்லாம், 'அன்னிக்குச் சொன்னியே'ன்னு சிரிக்கிறாரு. என் மானமே போகுது."

நானும் அழுதேன், நானும் சிரித்தேன். இக்காவிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். இத்தா என் கையை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிராதே. அந்த நம்பர் தப்புன்னு தெரிஞ்சா, நான் சொன்னதும் தப்புன்னு நினைச்சுக்குவாரு."

இந்தக் கட்டுரையை ஷைனி லேபின் ஆண்டு மலருக்கு மலையாளத்தில் கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அது இரண்டாவது வருத்தம். மீரான் இக்கா இன்றைக்கும் மாதாமாதம் அந்த லேபுக்கு வருகிறார். காத்திருக்கிற நேரத்தில் மேஜைமேல் என்ன கிடந்தாலும் எடுத்துப் படிப்பார். ஆனால் அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது.